கால் தெரிகிற ஜன்னல்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, "உங்க ரெண்டு பேருக்கும் எது சரின்னு படுதோ அப்படியே செய்ங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு உங்கம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஊர்ல யார் வந்து ஜன்னல பத்திப் பேசினாலும் விடிய விடியப் பேசுவீங்க. பெத்த பொண்ணு கேக்குது, ஒரு வார்த்தையில முடிச்சிட்டீங்களே" என்றாள். அவள் சொன்னது சரிதான். போனைக் காதில் வைத்தால் எனக்குப் பேச்சு சுருங்கிவிடுகிறது. அதனால்தான் இன்று தறிக்கு லீவு விட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தாம்பரத்தில் நீங்கள் வாங்கியிருக்கும் ஃபிளாட்டில், மாடிப்படிப் பக்கம் திறக்கிற ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு அங்கே அலமாரி போடலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார். படியில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள், பாதுகாப்பும் இல்லை என்கிறார். அவர் சொல்வதில் தப்பு எதுவும் இல்லை. வீடு என்றால் முதலில் பத்திரமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் உன் கல்யாணத்துக்கு முந்தின மாதங்களில் நம் வீட்டுத் தறி ஜன்னலை நான் மேலே தூக்கி வைத்து, மறுபடியும் கீழே திறந்த கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதிப் பாதி தறிக் குழிக்குள் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியும். அதைப் படித்துவிட்டு அப்புறம் கொத்தனாரைக் கூப்பிடு.

தறியில் உட்காருகிறவனுக்கு உலகம் கொஞ்சம் தாழ்வாகத்தான் இருக்கும். கால் இரண்டும் குழிக்குள், உட்காருவது தரை மட்டத்தில். அதனால் நம் தறிக்குப் பக்கத்தில் இருந்த ஜன்னலும் தரையிலிருந்து ஒரு முழம்கூட உயரமில்லாமல், உட்கார்ந்தவன் கண்ணுக்கு நேராக வைத்தது. நான் புதிதாகத் தறி போட்ட காலத்தில் அது வழியாகத் தெருவில் போகிறவர்களை இடுப்பு வரைக்கும் பார்க்கலாம். பிறகு தெருவுக்குத் தார் போட்டார்கள். பழையதைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இன்னொரு தார். அப்புறம் அதற்கும் மேலே சிமெண்ட். ஒவ்வொரு தடவை ரோடு உயரும்போதும் நம் வீடு கொஞ்சம் பள்ளமாகிக்கொண்டே வந்தது. என் ஜன்னலில் ஆட்கள் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தார்கள். இடுப்பு போய் முழங்கால், முழங்கால் போய் வெறும் பாதம்.

இதில் ஒன்றை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, பாப்பா. ரோடு உயர்ந்த அதே வருஷங்களில்தான் நீயும் வளர்ந்தாய். நீ பால்வாடிக்குப் போகும்போது ஜன்னலில் உன் முகமே முழுசாகத் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வந்துட்டேன்" என்பாய். பிறகு உன் ஸ்கூல் பாவாடை மட்டும் தெரிந்தது. பிறகு சைக்கிள் மிதிக்கிற கால். ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குச் சேர்ந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரும் நாட்களில் பாதம் மட்டும்தான். குனிந்து பார்க்க உனக்குச் சோம்பல். அதனால் ஜன்னலுக்கு முன்னால் நின்று, செருப்புக்குள் இருக்கிற கால் கட்டைவிரலைத் தூக்கி ஆட்டுவாய். நான் தறிப்பலகையில் இரண்டு தட்டு தட்டுவேன். நீ வந்துவிட்டாய், நான் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். அப்பன் மகள் பேச்சுவார்த்தை இவ்வளவுதான். "ஊமைங்க மாதிரி இது என்னா பழக்கம்" என்று உங்கம்மா திட்டுவாள், ஆனால் அந்தத் தட்டு கேட்டதும் டீக்குப் பாலை அடுப்பில் ஏற்றுவதும் அவள்தான்.

உன் கூரைப்புடவைக்குத் தறியில் நீள நூலை விரித்துப் பாவு ஏற்றிய வாரம்தான் அந்த மழை வந்தது. அன்று நீ வேலைக்குப் போயிருந்தாய். மத்தியானம் தெரு முழுக்கத் தண்ணீர். ரோடு ஜன்னல் கட்டைக்குச் சமமாக வந்துவிட்டதால், ஆட்டோ ஒன்று போனாலே அலை எழும்பி உள்ளே வந்தது. குழிக்குள் முழங்கால் நனைகிறது, கண்ணெதிரே அரக்குப் பட்டு விரிந்து கிடக்கிறது. பாவு ஏற்றிய தறியைத் தூக்கி நகர்த்தவும் முடியாது, அது தரையோடு நட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. உங்கம்மா போய்க் கனமான ஜமக்காளத்தை எடுத்து நாலாக மடித்து ஜன்னலில் வைத்தாள். அது நிற்கவில்லை. உடனே அதன் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். "நீங்க குழியில இருக்கற தண்ணிய மொள்ளுங்க, இத நான் பாத்துக்கறேன்" என்றாள். மழை விடுகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. முதுகில் தெருத் தண்ணீர் மோதிக்கொண்டிருக்க, ஒரு ஜன்னலுக்குக் கதவாக அவள் உட்கார்ந்திருந்ததை நான் மொண்டு ஊற்றிக்கொண்டே பார்த்தேன். இவ்வளவு வருஷம் கூட இருந்தவளை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. அன்று நீ வீட்டுக்கு வந்து உங்கம்மாவுக்கு முதுகில் தைலம் தேய்த்தது ஞாபகம் இருக்கும்.

அதன் பிறகு அந்த ஜன்னல் அங்கே இருக்கக் கூடாது என்று நாம் மூவருமே முடிவு செய்தோம். ஒலிமுகமதுபேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ரஹீம் பாயை வரச்சொன்னேன். கதவு, ஜன்னல், கிரில் எல்லாம் செய்கிறவர். நம் வீட்டுக் கதவுகளுக்கு அவர்தான் ரொம்ப நாளாக வைத்தியம் பார்க்கிறார். டேப்பை எடுத்துக்கொண்டு, "எந்த ஹைட்ல வேணும்ணே? சொல்லுங்க, கோடு போட்டுக்கறேன்" என்றார். நான் குழியிலிருந்து எழுந்து வெளியே வந்து, சுவரோரமாக நிமிர்ந்து நின்று, உச்சந்தலைக்கு நேராகக் கையை வைத்து, "இந்த மட்டத்துக்கு ஜன்னல் கட்டை வரட்டும் பாய். தண்ணியும் வராது, எட்டிப் பாக்கறவன் கண்ணும் வராது" என்றேன். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நீதான் நின்றாய். உங்கம்மாவும் இருந்தாள். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிற ஒருவன், தன் ஜன்னலுக்கு அளவு கொடுக்க எழுந்து நிற்கிறானே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பாய்க்கும் தோன்றவில்லை, அவர் நின்று வேலை செய்கிறவர்.

பாவின் மேல் பழைய புடவைகளைப் போட்டு மூடிவிட்டு, செங்கல்லுக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பெயர்த்தார்கள். தூசு பட்டில் இறங்கக் கூடாதே. கீழ்ப் பொந்தை அடைத்துப் பூசி, மேலே புது ஜன்னலை நிறுத்தினார்கள். பூச்சு காய்ந்த பிறகு, ஒரு காலை நேரத்தில் நான் குழியில் இறங்கி உட்கார்ந்தேன். குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிச்சம் எப்படி வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தேன். பார்த்தவன் அப்படியே இருந்துவிட்டேன்.

எதிர் வீட்டு ஓட்டுக்கு மேலே, கம்பிகளுக்கு நடுவில், ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தின் உச்சி நின்றுகொண்டிருந்தது. கலசங்களின் மேல் அப்போதுதான் வெயில் விழுகிறது. கிளிகள் ஒரு கூட்டமாகக் கிளம்பி ஒரு சுற்றுப் போய்விட்டு மறுபடியும் அந்தப் பொந்துகளிலேயே வந்து அடங்குகின்றன. அந்தக் கோபுரத்துக்குக் கீழே நான் தினம் நடக்கிறவன். காய்கறி வாங்கப் போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் நான் உட்கார்ந்து நெய்கிற இடத்துக்கு நேராக, இத்தனை காலமும் அது என்னைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. நடுவில் இருந்தது வெறும் செங்கல். அதை எடுத்தால் இவ்வளவு பெரிய ஒன்று இருக்கிறது என்றால், வீட்டின் மற்றச் சுவர்களுக்குப் பின்னால் எல்லாம் என்னென்ன இருக்கும்? உங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் பாப்பா, கோபுரம் தெரிந்தது, கோர்வை தெரியவில்லை. உன் கூரைப்புடவையில் உடம்புக்கு அரக்கு, கரைக்கு மயில்கழுத்து. இரண்டும் வேறு வேறு நூல். ஒரு பக்கத்திலிருந்து நானும் இன்னொரு பக்கத்திலிருந்து உங்கம்மாவும் நாடாவை விட்டு, இரண்டு நூலும் சந்திக்கிற இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோர்வையைக் கண்ணால் பார்க்க, பக்கவாட்டில் தாழ்வாக வருகிற வெளிச்சம் வேண்டும். ஜன்னல் மேலே போனதும் வெளிச்சமும் நம் தலைக்கு மேலேயே போய் எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. ட்யூப்லைட்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். என் கை நிழலே என் கோர்வையில் விழுந்தது. "கோபுரத்தையே பாத்துக்கினு இருந்தா எப்படிங்க சேரும்? இங்க பாருங்க, நூல் தனியா நிக்குது" என்று உங்கம்மா விரலால் தடவிக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டு நெய்த ஒரு ஜாணையும் உட்கார்ந்து பிரித்தோம். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. இந்த வெளிச்சத்தில் புடவை முடியாது என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும் சுவரை மறுபடி உடைக்க மனசு வரவில்லை. கோபுரத்தை எப்படி விடுவது? மழைக்கு என்ன செய்வது? அதனால் நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

என் தயக்கத்தை முடித்து வைத்தது நீதான். அது உனக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் நான் குனிந்து நூல் முடிந்துகொண்டிருக்கிறேன். திடீரென்று தோளில் ஒரு கை. நான் துள்ளி எழுந்ததில் நாடா போய்க் குழியில் விழுந்தது.

"இன்னாப்பா, இப்படி பயப்படற? நான்தான்" என்றாய்.

"எப்பம்மா வந்த?"

"அப்பவே வந்துட்டேன். வெளிய நின்னுக்கினு விரல ஆட்டி ஆட்டிப் பாக்கறேன், நீ தட்டவே இல்ல. அப்புறந்தான் பாத்தா, நான் சுவத்துக்கு ஆட்டிக்கினு இருக்கேன்" என்று சொல்லி நீ சிரித்தாய்.

நானும் சிரித்தேன். நீ உள்ளே போன பிறகு என்னால் வேலை செய்ய முடியவில்லை. புது ஜன்னல் வைத்த நாளிலிருந்து நீ வருவது எனக்குத் தெரியாமலேயே போயிருந்தது. பழக்க தோஷத்தில் அன்றைக்கு ஆட்டியிருக்கிறாய், அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நாளில் நீ வேறு வீட்டுக்குப் போகப் போகிறாய். அதற்குப் பிறகு நீ வரப்போவதே எப்போதோ ஒரு நாள். அந்த ஒரு நாளிலும் நீ வருவது எனக்குத் தெரியாமல் போனால், நான் தண்ணீரை வெளியே நிறுத்த ஜன்னலைத் தூக்கினேனா, உன்னை வெளியே நிறுத்தத் தூக்கினேனா? அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது.

மறுநாளே ரஹீம் பாயைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை அவரையும் குழிக்குள் இறங்கி உட்காரச் சொன்னேன். பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி, அங்கிருந்து சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணி உள்ள வரக்கூடாது, வெளிச்சம் வரணும், பொண்ணு காலு தெரியணும். இன்னும் எதுனா இருக்குதா, இப்பவே சொல்லிடுங்கண்ணே" என்றார். "கோபுரமும் இருக்கட்டும் பாய்" என்றேன். "யா அல்லா, ஒரு செவுத்துல இவ்ளோ ஆசையா!" என்று சிரித்தார். ஆனால் செய்துகொடுத்தார். மேல் ஜன்னல் அப்படியே திறந்து மூடுகிற மாதிரி இருக்கட்டும், கீழே திறக்கவே முடியாத கண்ணாடி ஒன்று பதித்துவிடலாம் என்று அவர் சொன்னார். தடிமனான, அடித்தாலும் லேசில் உடையாத கண்ணாடி. சுற்றிலும் ரப்பர் வைத்து, சிலிக்கான் பூசி, உள்பக்கம் இரும்புக் கம்பி. வெளிப்பக்கம் தண்ணீர் நிற்காமல் தெருவை நோக்கி ஓடும்படி சிமெண்டில் ஒரு சரிவு. எல்லாம் காய்ந்த பிறகு உங்கம்மா குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுபோய் வெளியிலிருந்து அதன் மேல் வீசி வீசி ஊற்றினாள். அவள் முதுகுக்கும் அந்தத் தண்ணீருக்கும் பழைய கணக்கு ஒன்று இருந்ததல்லவா! ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. மறுநாள் காலை அந்தக் கண்ணாடி வழியாக வெயில் வந்து பாவின் மேல் படுத்தபோது, அரக்கும் மயில்கழுத்தும் சந்திக்கிற இடம் ஒவ்வொரு நூலாகத் தெரிந்தது. கீழே கோர்வை, மேலே கோபுரம். ஒரே சுவரில் இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார எனக்குக் கூச்சமாகவே இருந்தது, நமக்கு இது அதிகமோ என்று. அந்த வெளிச்சத்தில் நெய்ததைத்தான் நீ மணவறையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய்.

சரி, உன் வீட்டுக்கு வருகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்த அறையில் எங்கே உட்காரப் போகிறீர்களோ, எங்கே படுக்கப் போகிறீர்களோ, அங்கே உட்கார்ந்தும் படுத்தும் முதலில் அந்த ஜன்னலைப் பாருங்கள். நின்றுகொண்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள். எட்டிப் பார்க்கிறவர்கள்தான் தொல்லை என்றால் கீழ்ப் பாதிக்கு மட்டும் மங்கலான கண்ணாடி போட்டால் போதும், வெளிச்சம் வரும், கண் வராது. கிரில் கட்டாயம் போடு. ஆனால் முழுக்க வெல்டு வைத்து அடைத்துவிடாதே. நெருப்பு, புகை என்று ஏதாவது ஆபத்து வந்தால் வெளியேறுகிற மாதிரி ஒரு பக்கமாவது உள்ளிருந்து திறக்க வேண்டும். அதன் சாவி வெளியிலிருந்து கைக்கு எட்டாத, ஆனால் நீங்கள் இருட்டிலும் தடவி எடுக்கிற இடத்தில் தொங்கட்டும். வாசல் கதவின் கீல்களில் இப்போது இருப்பது குட்டை ஆணிகள் என்றால், நீளமான ஸ்க்ரூ வாங்கி நிலைக்கட்டைக்குள் ஆழமாக இறங்கும்படி மாற்றச் சொல். எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும் கீல் ஆடினால் பிரயோஜனமில்லை. மழைக்காலத்தில் கதவு உப்பி இறுகிக்கொள்ளும். உடனே இழைப்புளி போட வேண்டாம். நான் ஒரு ஐப்பசியில் நம் சமையலறைக் கதவை ஆத்திரத்தில் இழைத்துவிட்டேன், சித்திரையில் அந்தச் சந்து வழியாகப் பூனை தாராளமாகப் போய் வந்தது. உங்கம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதே, தூசு ஒட்டிக்கொள்ளும். பென்சில் முனையைச் சீவித் தூளாக்கிச் சாவியில் தடவிப் போட்டுத் திருப்பு.

இதையெல்லாம் கடைக்காரனே சொல்லுவான். அவனுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கல்யாணம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் மறுவீட்டுக்கு வந்த நாள். நீங்கள் வர இன்னும் நேரம் இருக்கிறது என்று நான் சும்மா இருக்க முடியாமல் தறியில் உட்கார்ந்துவிட்டேன். கீழ்க் கண்ணாடியில் இரண்டு பாதம் வந்தது. கணுக்கால் வரைக்கும் மருதாணி, புது மெட்டி, மஞ்சள் இன்னும் போகாத நகம். பக்கத்தில் பாலிஷ் போட்ட ஒரு ஜோடி ஷூ. யாரோ புதுசாகக் கல்யாணமான பெண், பக்கத்து வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கிறது போல என்று நினைத்து, நல்லா இருக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு நாடாவை எடுத்தேன். அந்தக் கால் போகவில்லை. கண்ணாடிக்கு நேராக நின்றது. மெட்டிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் மெதுவாக மேலே எழும்பி, இரண்டு தடவை ஆடியது.

நான் பெற்று, கையைப் பிடித்து நடக்கப் பழக்கிய காலை எனக்கே அடையாளம் தெரியவில்லை, பாப்பா. கை அப்படியே நின்றுவிட்டது. தட்டத் தோன்றவில்லை. நீ கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாய், மறுபடியும் ஆட்டினாய், கோபமாக. அப்போது பக்கத்தில் இருந்த அந்த ஷூவும் குதிகாலில் ஊன்றிக்கொண்டு, கூச்சத்தோடு முனையைத் தூக்கி ஆட்டியது. நீ அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய்!

அந்த ஷூக்காரர்தானே இப்போது ஜன்னலை அடைக்கலாம் என்கிறார்? இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல். அன்றைக்கு உள்ளேயிருந்து நாலு தட்டு கேட்டதே, அது ஏன் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்கவே இல்லை. உனக்கு இரண்டு, அவருக்கு இரண்டு.

அன்புடன்,
அப்பா